ஊறல் தொட்டி

மில்லின் பெரிய கதவைத் தள்ளியதும் முதலில் வெளியே வந்தது நாற்றம்தான்.

ஐந்து வருடமாக ஒரு நெல்மணிகூட உள்ளே போகாத மில் அது. விசுவமடுவில் அதை யோகலிங்கத்தாரின் மில் என்பார்கள். மேனுகா அவருடைய ஒரே மகள். அப்பாவின் அலுமாரியிலிருந்து பூட்டின் திறப்பை அவருக்குத் தெரியாமல் எடுத்து வந்திருந்தாள். பின்னேரம் மூன்று மணி. வெளியே வெயில் மண்ணை வறுத்துக்கொண்டிருந்தது. உள்ளே, கூரைத் தகரத்தின் ஓட்டைகளால் விழுந்த வெளிச்சம் மட்டும் காசு காசாகத் தரையில் கிடந்தது.

புழுங்கலுக்கு நெல் ஊறப்போடும் இடத்தில் வரும் புளித்த நாற்றம் மேனுகாவுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். இதுவும் அதுதான். ஆனால் அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது. இனிப்பான ஒன்று. பழுத்து வெடித்த பலாப்பழத்தை ஈரத் தோலில் சுற்றிப் பல நாள் வைத்ததுபோல. அது மூக்கில் நிற்காமல் நேரே தொண்டைக்குள் இறங்கியது.

"இதைவிட வேற என்னடி வேணும்!" என்றான் ஜெயந்தன். அவனுக்கு நாற்றமே சந்தோஷமாக இருந்தது.

மூன்று பேரும் உயர்தர வகுப்பில் நாடகம் படிப்பவர்கள். பரமேஸ்வரன் மாஸ்ரர் ஒரு புதுவேலையை ஒப்படைத்திருந்தார்: பத்து நிமிடத்தில் ஒரு திகில் படம். புதுக்குடியிருப்பில் கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுப்பவர் ஒருவர் அரை நாளைக்குக் கமராவைத் தரச் சம்மதித்திருந்தார். போரினால் வன்னிக்குள் பற்றரி கொண்டுவரத் தடை இருந்த காலம். அவரிடம் இருந்த இரண்டும் சேர்ந்து நாற்பது நிமிடம்தான் தாங்கும். ஆகவே எல்லாவற்றையும் முதலில் கொப்பியில் எடுத்து முடிக்க வேண்டும், கமரா வந்தபிறகு யோசிக்க நேரமில்லை என்று மாஸ்ரர் சொல்லிவிட்டார். ஜெயந்தன் நெறியாளர். மேனுகா கதை எழுதுபவள். ராஜினி நடிப்பவள்.

ஜெயந்தன் மட்டையில் சதுரமாக ஓட்டை வெட்டி அதையே கமராவாகக் கண்ணில் பிடித்துக்கொண்டு நடந்தான். "திகில் படமெண்டா அதுக்கொரு முறை இருக்கு. வாற ஆள் சும்மா ஒரு அலுவலா வரவேணும். சனமில்லாத இடம். முதல் சத்தம், பிறகு நிழல், கடைசியிலதான் உருவம். உருவத்தை முழுக்கக் காட்டப்படாது."

"பேய்க்கு ஒரு காரணம் வேணும். சும்மா வாற பேய்க்கு ஆரும் பயப்பிடமாட்டினம்," என்றாள் மேனுகா.

"காரணத்தை நீ எழுது. பேய் ராஜினிதான். தலைமயிர் நீளம். நிறமும் வெளிச்சத்துக்குச் சரி."

மலைநாட்டிலிருந்து எழுபத்தேழுக் கலவரத்தில் அடிபட்டு வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறிய சனத்தின் பிள்ளை ராஜினி. நிறத்தைப் பற்றிய பேச்சு அவளுக்குப் புதிதில்லை. அப்படிப் பேசும்போது பேசாமல் நிற்பது மேனுகாவுக்கும் புதிதில்லை.

"உனக்கு விருப்பமில்லாட்டி வேற இடம் பாப்பம்," என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

"இல்ல. அம்மா வேலை செஞ்ச இடம். நான் உள்ள வந்து பாத்ததே இல்ல," என்றாள் ராஜினி.

அவளுடைய அம்மா மீனம்மா இந்த மில்லில் நெல் அவித்தவள். தொண்ணூற்றாறில், கிளிநொச்சிச் சனம் இடம்பெயர்ந்து வந்து பள்ளிக்கூடங்களில் நிறைந்திருந்த நாட்களில், பிள்ளைகளை விட்டுவிட்டு யாரோ ஒருவனோடு வவுனியாவுக்குப் போய்விட்டாள் என்று ஊர் சொன்னது. ராஜினியும் தம்பி வினோதனும் மாமன் நல்லதம்பியின் வீட்டில் வளர்ந்தார்கள். ராஜினி அம்மாவின் பெயரை வாயில் எடுத்து மேனுகா கேட்டது அதுதான் முதல் தடவை.

மில்லின் பின்பக்கத்தில் மூன்று சீமெந்துத் தொட்டிகள், ஆளுயரத்துக்கு, வரிசையாக நின்றன. ஊறல் தொட்டிகள். இரண்டு திறந்து கிடந்தன. நடுவில் இருந்ததை மட்டும் பலகை அடுக்கி மூடியிருந்தார்கள். பலகையைத் தூக்கியபோது அடிப்பக்கத்திலிருந்து வெள்ளைப் புழுக்கள் பொலபொலவென்று கொட்டின. மேனுகா கையை உதறிக்கொண்டு பின்வாங்கினாள். காய்ந்த மரத்தில், சாப்பிட எதுவுமே இல்லாத இடத்தில், அப்படிக் கொழுத்த புழு எங்கிருந்து வந்தது என்று அப்போது அவள் யோசிக்கவில்லை.

தொட்டிக்குள் ஒன்றுமில்லை. தூசியும் சருகும் ஒரு பல்லியின் எலும்புக்கூடும்தான்.

"இறங்கிப் படு ராஜினி. எப்பிடித் தெரியுதெண்டு பாக்கிறன்," என்றான் ஜெயந்தன்.

அவள் கம்பிப் படியில் இறங்கி, சருகை ஒதுக்கி, மல்லாந்து படுத்துக் கண்ணை மூடினாள். ஜெயந்தன் வெளிப்படியில் ஏறி, விளிம்பில் வயிற்றைப் பதித்துக் குனிந்து மட்டையைக் கண்ணில் வைத்தான். கொஞ்ச நேரம் அசையாமல் பார்த்தான்.

"மேனுகா, நீ ஏன் உள்ளுக்கை இறங்கினனீ? ரெண்டு தலை தெரியுது."

மேனுகா அவனுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

அவன் மட்டையை இறக்கினான். தொட்டியில் ராஜினி மட்டும் படுத்திருந்தாள்.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. ஊறின நெல்லுக்கு அடியிலிருந்து காற்று மேலே வரும் சத்தம். பொளுக். கொஞ்சம் பொறுத்து, பொளுக். தண்ணீர் இல்லாத தொட்டியில்.

"எழும்பு," என்றாள் மேனுகா. "ராஜினி, எழும்படி!"

ராஜினி எழுந்து வந்தாள். அவளுடைய வெள்ளைச் சட்டையின் முதுகு முழுக்க நனைந்திருந்தது. தண்ணீர் இல்லை. மஞ்சள் கலந்த கொழகொழப்பு. கூந்தலிலிருந்து கஞ்சிபோல நூல் நூலாக இழுபட்டு விழுந்தது. மேனுகா துடைத்துவிட்டபோது அது வெதுவெதுவென்று இருந்தது. உயிருள்ள ஒன்றின் வயிற்றுக்குள் கைவிட்டதுபோல.

"யாரோ பக்கத்தில படுத்திருந்தாங்க. கண்ணத் திறக்க பயமா இருந்திச்சு," என்று ராஜினி கிசுகிசுத்தாள்.

ஜெயந்தன் பழைய தண்ணீர் கசிந்திருக்கும் என்றான். அப்படிச் சொன்னாலும் அவன்தான் முதலில் சைக்கிளை எடுத்தான்.

அன்று மேனுகா கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். தேசிக்காய் போட்டுத் தேய்த்தாள். நாற்றம் போகவில்லை. அந்தக் கையாலேயே, பொழுது படுவதற்குள், முற்றத்து மாமரத்தின் கீழ் இருந்து கதையை எழுதினாள். பேய்க்கு ஒரு காரணம் வேண்டும் என்று யோசித்துப் பேனையை வைத்ததுதான் தெரியும். வெட்டாமல், திருத்தாமல், மூன்று பக்கம் ஓடிற்று. வாசித்துப் பார்த்தபோது அவளுக்கே பெருமையாக இருந்தது. இவ்வளவு நன்றாக அவள் எழுதியதே இல்லை.

அடுத்த நாள் சனிக்கிழமை. மத்தியானம் அப்பா சாப்பிட இருந்தார். அம்மா விமலேஸ்வரி பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"என்ன பிள்ளை, காலமை தொடங்கிக் கொப்பியும் கையுமா?" என்றார் யோகலிங்கம்.

"பள்ளிக்கூடத்துப் படத்துக்குக் கதை எழுதினனான். வாசிக்கட்டோ?"

"வாசி, வாசி."

மேனுகா வாசித்தாள். ஊறல் தொட்டியின் அடியில் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்துப்போகிறது. முதலாளி ஒரு வேலைக்காரியை உள்ளே இறங்கி அடைப்பை இழுக்கச் சொல்கிறான். புளித்த நெல்லின் காற்றில் தலை சுற்றுது ஐயா என்கிறாள் அவள். இழுத்துப்போட்டு ஏறு என்கிறான் அவன். இரண்டு நாள் கழித்து, நெல் அவிப்பதற்குத் தண்ணீரைத் திறந்துவிட்டால் தண்ணீர் வரவில்லை. குழாய் வாயில் அவளுடைய கை இருந்தது. தோல் கையுறைபோலக் கழன்று வந்தது. கூந்தலுக்குள் நெல் ஊறிப் பருத்திருந்தது. கொட்டுவோம் என்கிறான் எஞ்சின்காரன். முதலாளி சொல்கிறான்: நெல்லைக் கொட்டாதே. கழுவி அவி. சனம் பசியில் கிடக்குது.

மேனுகா நிமிர்ந்தாள்.

அப்பா சோற்றுக்குள் கையை வைத்தபடி இருந்தார். அவருடைய முகத்தில் வேர்வை துளித்துளியாக வந்தது. பிறகு சோற்றுக் கோப்பையின் மேலேயே வாந்தி எடுத்தார். எடுத்துக்கொண்டே இருந்தார். உண்டதும் உண்ணாததுமாகக் கோப்பை நிறைந்து பாயில் வழிந்தது. அம்மா அவரைப் பிடிக்கப் போகவில்லை. சோற்றுப்பானையைத்தான் அவசரமாக மூடினாள்.

"வீரகத்தியோ உனக்குச் சொன்னவன்?" என்றார் அப்பா, வாயைத் துடைக்காமலே.

"ஆர் என்ன சொன்னது? இது என்ரை கற்பனை."

அவர் கொப்பியைப் பறித்துக் குசினிக்குள் போய் அடுப்பில் திணித்தார். தாள் எரிந்தபோது வீடு முழுக்க அந்த நாற்றம் வந்தது.

வீரகத்தி மில்லில் எஞ்சின் ஓட்டியவர். இப்போது தோட்டங்களுக்கு மிசின் போட்டுத் தண்ணீர் இறைத்துக் கொடுத்துப் பிழைக்கிறார். ஞாயிறு காலை மேனுகா மிளகாய்த் தோட்டமொன்றில் அவரைக் கண்டுபிடித்தாள். அப்பா வாந்தி எடுத்ததையும், கேட்ட கேள்வியையும் சொன்னாள். அவர் மிசினை நிற்பாட்டினார்.

"நீ எழுதினதை ஒருக்காச் சொல்லு பிள்ளை."

சொன்னாள். அவர் வரம்பில் குந்திவிட்டார்.

"எனக்குத் தெரியாததும் அதில கிடக்கு," என்றார். "தலை சுத்துதெண்டு அவள் சொன்னது எனக்குத் தெரியாது. நான் அப்ப எஞ்சினடியில. பின்னேரம் கேட்டன், மீனம்மா எங்கை ஐயா எண்டு. வீட்டை போட்டாள் எண்டார். பலகையை அவரே தன்ரை கையால அடுக்கினவர். தெரிஞ்சுதான் அடுக்கினவரோ, தெரியாமலோ, எனக்குத் தெரியாது. மற்றதெல்லாம் நீ சொன்னபடிதான்."

"அவாவை என்ன செய்தனீங்கள்?"

"சாக்கில சுத்தி உமிக் குவியலுக்குக் கீழ தாட்டனாங்கள். நானும்தான். எனக்கும் மூண்டு பிள்ளையள்." அவர் கையை மண்ணில் தேய்த்துக்கொண்டே இருந்தார். "வவுனியாக் கதையும் அவர் கட்டினதுதான்."

அடுத்த கேள்வியைக் கேட்காமல் போய்விடலாம். ஆனால் கேட்டாள்.

"அந்த நெல்லு?"

"அவிச்சுக் குத்தினது. பள்ளிக்கூடத்தில இருந்த சனத்துக்குப் போனது. நல்லாப் போனது, பிள்ளை. அரிசி இல்லாத நேரம்."

"நாங்களும் சாப்பிட்டனாங்களோ?"

வீரகத்தி அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்தது இரக்கமில்லை.

"உங்கடை வீட்டுக்கு அதில ஒரு பிடி வரேல்லை. மில்லுக்காரர் வீட்டுக்கு அந்த மாதம் கடையில அரிசி வாங்கினவை. உன்ரை அம்மாதான் என்னை அனுப்பினவா. ஒரு மூட்டையை மட்டும் ஐயா நல்லதம்பி வீட்டை குடுத்துவிட்டவர். தாய் விட்டிட்டுப் போன பிள்ளையள், பாவம் எண்டு."

மேனுகா மிளகாய்ப் பாத்திக்குள் குனிந்து வாந்தி எடுத்தாள். வயிற்றில் ஒன்றும் இல்லாதபோதும் வந்துகொண்டே இருந்தது. அவளுக்கு அருவருத்தது செத்த உடம்பு இல்லை. கடையில் வாங்கிய அந்தச் சுத்தமான அரிசி.

அவள் நேரே நல்லதம்பியின் வீட்டுக்குப் போனாள். ராஜினி கிணற்றடியில் சட்டையைத் தோய்த்துக்கொண்டிருந்தாள். அதே வெள்ளைச் சட்டை. நாலாவது தரமாம்.

மேனுகா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். மூட்டையை மட்டும் விட்டுவிட்டாள். ராஜினி சட்டையைப் பிழிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பிழிந்த சட்டையை மறுபடி மறுபடி பிழிந்தாள்.

"அப்ப அம்மா ஓடிப் போகல்ல," என்றாள்.

"இல்லை."

"நான் அஞ்சு வருஷமா அவங்களத் திட்டுனேன், மேனுகா. தினமும்." பிறகு அவளுடைய கை நின்றது. "எங்களுக்கு ஒரு மூட்டை வந்திச்சே."

மேனுகா கீழே வழிந்த சவர்க்கார நுரையைப் பார்த்தாள்.

"நாத்தமா இருந்திச்சு. நான்தான் களைஞ்சேன். ஏழு தண்ணி. வினோதன் சின்னப்பையன், சாப்பிடமாட்டேன்னு அழுதான். நான் உருட்டி உருட்டி ஊட்டினேன்." அவள் மேனுகாவின் கண்ணைப் பார்த்தாள். "நீ சாப்பிட்டியா அந்த அரிசி?"

"இல்லை."

தன் வாழ்நாளில் அவள் சொன்ன சொற்களில் அதைவிட அசிங்கமான ஒன்று இல்லை என்று மேனுகாவுக்கு அப்போதே தெரிந்தது.

ராஜினி அழவில்லை. கிணற்றுக்கட்டைப் பிடித்துக் குனிந்து, இரண்டு விரலைத் தொண்டைக்குள் விட்டாள். ஐந்து வருடத்துக்கு முந்தியதை வெளியே எடுக்கப் பார்த்தாள். மேனுகா அவளுடைய கூந்தலைப் பிடித்துக்கொண்டாள். ராஜினி அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

அன்று பின்னேரமே நல்லதம்பி ராஜினியையும் கூட்டிக்கொண்டு மண்வெட்டியோடு மில்லுக்கு வந்தார். வீரகத்தி இடத்தைக் காட்டினார். உமி ஈரப்பதமாக இருந்தது. தோண்டத் தோண்ட உள்ளே சூடு கூடியது. ஆவி பறந்தது. முழ ஆழத்தில் சாக்கு தென்பட்டது. ஐந்து வருடம் மண்ணில் கிடந்த சாக்கு இற்றுப்போயிருக்க வேண்டும். இற்றுப்போகவில்லை. ஈரமாக, கனமாக, ஊறிக் கிடந்தது. வாயைப் பிரித்தபோது நல்லதம்பி மண்வெட்டியைப் போட்டுவிட்டுத் தள்ளிப்போய் நின்றார். ராஜினி மட்டும் குனிந்து பார்த்தாள்.

"அம்மா," என்றாள். கூப்பிடுவதுபோல.

ஊர் கூடியது. உடலை எரித்தார்கள். ஈர விறகுபோல அது எரிய மறுத்து, அடுத்த நாள் மத்தியானம்வரை புகைந்தது. காவல்துறையினர் வந்து யோகலிங்கத்தை விசாரணைக்குக் கூட்டிப்போனார்கள். அவர் எதையும் மறுக்கவில்லை. போகும்போது மகளின் பக்கம் திரும்பி, "சனம் பசியில கிடந்தது பிள்ளை," என்றார். மேனுகா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எட்டாம் நாள் ஜெயந்தன் வந்தான். குரலைத் தாழ்த்தி, "இப்ப இது உண்மைக் கதை. மாஸ்ரர் வேண்டாமெண்டுதான் சொல்லுறார். ஆனா ராஜினியே நடிச்சா எப்பிடி இருக்குமெண்டு யோசிச்சுப் பார்," என்றான்.

மேனுகா அவனைப் பார்த்தாள். அவனுடைய கையில் அந்த ஓட்டை மட்டை இன்னும் இருந்தது. அதை வாங்கி நாலாகக் கிழித்து அவனுடைய கையிலேயே கொடுத்தாள். படம் அத்தோடு முடிந்தது. ராஜினி பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வந்தபோது வகுப்பில் வேறு வாங்கில் போய் இருந்தாள். மேனுகாவோடு பேசவில்லை. பேசவேண்டும் என்று மேனுகா எதிர்பார்க்கவும் இல்லை.

அதன்பிறகு விசுவமடுவில் இருக்க முடியவில்லை. அம்மாவும் அவளும் ஜெயபுரத்தில் சித்தி கமலாட்சியின் வீட்டுக்குப் போனார்கள். மில் எப்படி இருக்கும் என்றே தெரியாத வீடு. மேனுகா சோறு தொடுவதில்லை. மரவள்ளியும் ரொட்டியும்தான். அம்மாவும் அவளோடு சேர்ந்து அதையே சாப்பிட்டாள். ஒரு பருக்கை அரிசி அந்த இரண்டு வாய்க்குள்ளும் போகவில்லை. நாற்றம் கொஞ்சம் கொஞ்சமாகக் கையைவிட்டுப் போனது. எரித்தாயிற்று, செய்யவேண்டியதைச் செய்தாயிற்று, இனி எல்லாம் அடங்கும் என்று அவள் நம்பத் தொடங்கினாள்.

மீனம்மாவின் முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்து ஒரு கிழமை இருக்கும். விடிந்து வெளிச்சம் வந்த நேரம். மேனுகா முகம் கழுவப் போனாள். அம்மா கிணற்றுக்கு அப்பால், வாழை மறைவில், இவளுக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்தாள். வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். மறுபடி கொப்பளித்துத் துப்பினாள். துப்பியதைக் காலால் மண்ணுக்குள் தள்ளினாள். நெடுங்காலம் பழகிய காலின் வேகம் அது.

"அம்மா?"

விமலேஸ்வரி திரும்பவில்லை.

மேனுகா வாழையை விலக்கிக்கொண்டு போய்க் குனிந்தாள். எச்சிலோடும் கொஞ்சம் இரத்தத்தோடும், ஒரு கைப்பிடி நெல் கிடந்தது. உமி கழலாத நெல். ஊறிப் பருத்த நெல்.

"எப்ப இருந்து?" மேனுகாவுக்குத் தன் குரலே கேட்கவில்லை.

"கடையில அரிசி வாங்கின நாளில இருந்து. ஒவ்வொரு விடியக்காலமையும்."

"எரிச்ச பிறகும் நிக்கேல்லையோ?"

அம்மா தலையை ஆட்டினாள். வாயை முந்தானையால் பொத்திக்கொண்டிருந்தவள், மெல்ல அதை எடுத்தாள். உதட்டோரத்தில் வெள்ளையாக, நூல்போல ஏதோ அசைந்தது.

"முந்தியெல்லாம் செத்த நெல்லுத்தான் பிள்ளை வரும்," என்றாள். "இப்ப முளைச்சு வருது."